எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகும் குண்டாகிறீர்களா? கத்தி இல்லாமல் சரி செய்யலாம்!

உடல் எடையைக் குறைக்க லட்சக்கணக்கில் செலவு செய்து ஆபரேஷன் செய்துகொண்ட சிலருக்கு, சில வருடங்களில் எடை மறுபடியும் ஏறிவிடுகிறது. "வாயைக் கட்டாம கண்டதையும் தின்னா இப்படித்தான்" என்று வீட்டிலேயே குத்திக் காட்டுவார்கள். இதனால் வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. ஆனால் எல்லா நேரமும் வாய் மட்டுமே காரணம் அல்ல.

விரியும் வாசல்

'பைபாஸ்' ஆபரேஷனில் இரைப்பையின் மேல்பகுதியைப் பிரித்து, சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையாக்குகிறார்கள். டீ கிளாஸில் பாதி கூட இருக்காது. அந்தப் பையைச் சிறுகுடலோடு இணைக்கும் வாசல் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று கூடுதலாக இருக்கும். சாப்பாடு மெதுவாக இறங்குவதால் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும்.

நாளாக நாளாக இந்த வாசல் சிலருக்கு 2, 3 சென்டிமீட்டர் வரை விரிந்துவிடுகிறது. சாப்பிட்டது சட்டென்று இறங்கி, சீக்கிரமே பசிக்கிறது. எடையும் ஏறுகிறது.

சுருக்குப்பை தையல்

இரண்டாவது ஆபரேஷனில் ஆபத்து அதிகம். பழைய தழும்பால் உள்ளே உறுப்புகள் ஒட்டிக்கிடக்கும். அதற்குப் பதிலாக வந்ததுதான் எண்டோஸ்கோப்பி தையல்.

மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாயை இறக்குகிறார்கள். விரிந்த வாசலின் ஓரத்தை லேசாகச் சுட்டு, குழாய் முனையில் உள்ள கருவியால் தைக்கிறார்கள். பாட்டியின் சுருக்குப்பையை இழுத்துக் கட்டுவதுபோல வாசல் சுருங்கிவிடும். சுமார் ஒரு மணி நேர வேலை. வெளியே தழும்பு கிடையாது. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். 'ஸ்லீவ்' ஆபரேஷன் செய்தவர்களுக்கும், விரிந்த இரைப்பையை இப்படித் தைக்க முடியும். பைபாஸுக்குப் பிறகு விரிந்த வாசலைச் சுருக்கும் தையலுக்கான கருவிக்கு அமெரிக்க அரசின் மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் அனுமதி அளித்தது.

மந்திரம் அல்ல

பைபாஸ் வாசலைத் தைத்தால், 100 கிலோ இருப்பவருக்கு ஒரு வருடத்தில் சராசரியாக 8 முதல் 10 கிலோ குறையலாம். முதல் ஆபரேஷன் அளவுக்குக் குறையாது. சில வாரங்கள் கஞ்சித் தண்ணீர், சூப் போன்ற திரவ உணவுதான். வயிற்று வலி, வாந்தி வரலாம். அபூர்வமாக ரத்தக்கசிவு, ஓட்டை விழுதல், வாசல் அளவுக்கு மீறிச் சுருங்குதல் போன்ற சிக்கலும் உண்டு. தையல் மறுபடி தளரவும் கூடும்.

வாசல் விரியாதவருக்கு அதைத் தைத்துப் பயனில்லை. அதனால் விளம்பரத்தைப் பார்த்து பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் எண்டோஸ்கோப்பி பரிசோதனை செய்து காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மொத்தச் செலவு எவ்வளவு, இன்சூரன்சில் கிடைக்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.