ஏரியா, உலைப் பானையா?

அடுப்பில் உலை கொதிப்பதைத் தினமும் பார்க்கிறோம். ஓர் ஏரியே உலை போலக் கொதித்தால் எப்படி இருக்கும்?

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டொமினிக்காவில் அப்படி ஓர் ஏரி இருக்கிறது. (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு, இது வேறு.) தீவின் நீளம் 29 மைல், அகலம் 16 மைல். அதற்குள் எத்தனை மலை, எத்தனை அருவி!

ஏரியைச் சுற்றியுள்ள காட்டை 1975-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1997-ல் யுனெஸ்கோ அதை உலகச் சொத்துகளில் ஒன்றாகச் சேர்த்தது.

கடினமான நடை

லோடா என்ற மலைக் கிராமத்தின் அருகில் நடை தொடங்குகிறது. போய்த் திரும்ப ஆறு மணி நேரம் ஆகும். வழியில் ஓர் ஓடை. அதன் பெயர் "காலை உணவு ஆறு"! பிறகு செங்குத்தான ஏற்றம், சேறு, வழுக்கல்.

மலையைத் தாண்டி இறங்கினால் பச்சை நிறமே மறைந்துவிடுகிறது. இதைப் பாழ்ப் பள்ளத்தாக்கு என்கிறார்கள். தரையில் ஆங்காங்கே ஆவி சீறுகிறது. அழுகிய முட்டை போலக் கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. தவறான இடத்தில் கால் வைத்தால் வெந்துவிடும். ஆகவே வழிகாட்டியோடு போவதே நல்லது. வழிகாட்டிகள் அந்த வெந்நீரிலேயே முட்டை அவித்துக் கொடுப்பதும் உண்டு!

அப்புறம்தான் ஏரி. அகலம் சுமார் 200 அடி. சாம்பல் நிறத் தண்ணீர் நடுவில் குமுறிக் கொதிக்கிறது. ஆவி விலகினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

அடுப்பு எங்கே?

பூமிக்கடியில் பாறை உருகிக் கிடக்கிறது. அதன் சூடான ஆவி வெடிப்பு வழியாக மேலே வருகிறது. அந்த வெடிப்பின் மேல் மழைநீர் தேங்கியதே இந்த ஏரி. 2004 டிசம்பரில் தண்ணீர் திடீரென்று வற்றிவிட்டது. அடுத்த ஆண்டு மறுபடியும் நிரம்பிக் கொதித்தது!

தப்பியோடியவர்களின் வழி

2011-ல் தீவின் தெற்கிலிருந்து வடக்கே 115 மைல் நடைபாதை திறக்கப்பட்டது. அதன் பெயர் வைட்டுகுபுலி. தீவின் ஆதிக்குடிகளான கலினாகோ மக்கள் தங்கள் தீவுக்கு வைத்த பெயர் அது. "அவள் உடல் உயரமானது" என்று பொருள். பாதையின் பல பகுதிகள் புதிதாக வெட்டியவை அல்ல. கலினாகோ மக்கள் நடந்தவை. தோட்டங்களிலிருந்து தப்பிய ஆப்பிரிக்க அடிமைகள் காட்டில் ஒளிந்து வாழ்ந்தபோது நடந்தவை.

2017 செப்டம்பர் 18-ம் தேதி இரவு மரியா புயல் தீவைத் தாக்கியது. பலர் மாண்டனர். விடிந்தபோது பச்சை மலைகள் இலையின்றி மொட்டையாக நின்றன. பாதையெங்கும் மரங்கள் விழுந்து கிடந்தன. வீடிழந்த மக்கள் முதலில் கூரை வேய்ந்தார்கள். பிறகு காட்டுக்குள் போய், விழுந்த மரங்களை அறுத்துத் தள்ளி, வழியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள்.