விஷமும் உணவும் அருகருகே வேண்டாம்

கடையைச் சுத்தமாக, அழகாக வைத்துக் கொள்வதில் நம் வணிகப் பெருமக்கள் காட்டும் அக்கறை பாராட்டத்தக்கது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே கண்டிப்புக் காட்ட நமக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அரிசியில் நாலு குருணை கூடினால் வாடிக்கையாளர் முணுமுணுப்பார், மாற்றிக் கொடுத்துவிடலாம். மாற்றிக் கொடுக்க முடியாதது உயிர்.

1958-ஆம் ஆண்டு கேரளத்தில் நடந்ததை இளைய வியாபாரிகள் பலர் அறியமாட்டார்கள். உணவுச் சரக்குடன் ஒரே கப்பலில் ஃபாலிடால் என்ற பூச்சிமருந்தும் வந்தது. மருந்து கசிந்து கோதுமை மாவிலும் சர்க்கரையிலும் கலந்துவிட்டது. உண்டவர்களில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். யாரும் கலப்படம் செய்யவில்லை. சேர்த்து ஏற்றியதே வினை. அதற்குப் பிறகே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

வாடகை மிச்சம் என்று பருப்பு மூட்டையோடு பூச்சிமருந்தையும் ஒரே லாரியில் ஏற்றுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எலி மருந்து, ஆசிட், பினாயில் ஆகியவற்றை உணவுப் பொருளுக்கு மேல்தட்டில் வைக்கவே கூடாது. கசிந்தால் கீழேதான் இறங்கும். எங்கள் கிடங்கில் இவற்றுக்குத் தனி அறை, தனிச் சாவி. மருந்து வந்த டப்பாவை எதற்கும் திரும்பப் பயன்படுத்த விடுவதில்லை.

வண்டுக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் இன்னும் கவனம் தேவை. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். கிடங்கை ஒட்டிய வீட்டில் உறங்குபவர்களுக்கும் ஆபத்து. கூலியாள் கையில் கொடுக்காமல், உரிய அனுமதி பெற்றவர்களை அழைத்தே போடச் செய்யுங்கள். பெயர்ப்பலகைக்கு வர்ணம் அடுத்த மாதம் பூசிக்கொள்ளலாம்.