வயதைச் சொல்லி மறுக்கப்படும் வேலை: சட்டம் எங்கே உதவும், எங்கே உதவாது

வயதாகிவிட்டது என்று சொல்லி ஒரு தனியார் நிறுவனம் வேலை தர மறுப்பதைத் தடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்தவர்களுக்கென்று 1967-லேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. நம் அரசியலமைப்பின் 15, 16-ஆம் பிரிவுகள் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று பாகுபாட்டுக்கான காரணங்களை அடுக்குகின்றன. அந்த வரிசையில் வயது இல்லை. 14-ஆம் பிரிவு தரும் சமத்துவமும் அரசையும் அரசு சார்ந்த அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும். கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலை ‘35 வயதுக்குள் ஆட்கள் தேவை’ என்று வாசலில் எழுதி வைத்தால் அதை எதிர்த்து வழக்குப் போட இடமில்லை. அரசு நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களின் அறிவிப்பிலேயே ‘18 முதல் 35 வயது வரை’ என்ற வரி சர்வசாதாரணமாக வருகிறது. அரசே அந்த வரியை அச்சடிக்கும்போது ஆலைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

வேலை கேட்டுப் போகும் வாசலில் சட்டம் கைவிட்டாலும், பழைய வேலையை விட்டு வெளியே வரும் வாசலில் அது வலுவாகவே நிற்கிறது. ஐம்பதை ஒட்டிய பலர் பணத்தை இழப்பது இந்த இரண்டாவது வாசலில்தான்.

சிதம்பரத்தில் நடந்ததோடு ஒப்பிட்டால் இது புரியும். 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்க, 2013-இல் தனிச் சட்டம் இயற்றித் தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது. தேவைக்கு மேல் ஊழியர்கள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் பணி நிரவல் என்ற பெயரில் வெளியூர்களில் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். நடுவயதில் வீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் விட்டு வெளியூர் போவது சின்னத் துன்பமில்லை. ஆனாலும் சம்பளம் நிற்கவில்லை. இதே ‘உபரி’ என்ற சொல் தனியார் ஆலையில் எழுந்தால், மேசைமேல் வருவது பெரும்பாலும் ராஜினாமா கடிதம்தான்.

“நீங்களே எழுதிக் கொடுத்துட்டா செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும்” என்று சொல்லி அந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துப் போட்டவர், தானாக விலகியவர் ஆகிவிடுகிறார். ஆட்குறைப்புக்கான இழப்பீடு அவருக்குக் கிடைக்காது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளரை நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. கடைசியில் சேர்ந்தவரையே முதலில் நீக்க வேண்டும் என்பது பொது விதி. மூத்தவரை நீக்கிவிட்டு இளையவரை வைத்துக்கொள்ளும் நிறுவனம் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். வயதுப் பாகுபாட்டுக்கு எதிராக இந்தியச் சட்டத்தில் உள்ள கருவிகளில் கூர்மையானது இதுதான். ஆனால் சட்டத்தில் அந்தப் பெயரில் அது எங்கும் இல்லை. ஓராண்டுக்குள் அதே நிறுவனம் புதிதாக ஆள் எடுத்தால், நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை. மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இந்த விதிகளுக்குள் வரமாட்டார்கள்.

பணிக்கொடை வேறு கணக்கு. ஐந்து ஆண்டு முடித்தவர் ராஜினாமா செய்திருந்தாலும் அது உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 18,200 ரூபாய், பணிக்காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், சம்பளத்தை 26-ஆல் வகுக்க ஒரு நாளுக்கு 700. 15 நாளுக்கு 10,500. 20 ஆண்டுக்கு 2,10,000 ரூபாய். முப்பது நாளுக்குள் தர வேண்டும். தாமதித்தால் வட்டி சேரும். நான்கு ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் முடித்திருந்தால் அதையும் ஐந்தாண்டாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் சொல்லியிருக்கிறது.

வேலை போன பின் கைச்செலவுக்காகப் பி.எஃப். கணக்கிலுள்ள ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுவது இன்னொரு பெரிய இழப்பு. மாத ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். எட்டு ஆண்டு வேலை பார்த்தவர் அந்தப் பணத்தை எடுத்துவிட்டு, பிறகு வேறோர் இடத்தில் ஐந்து ஆண்டு உழைத்தால், கணக்கில் நிற்பது ஐந்துதான், ஓய்வூதியம் கிடையாது. பணம் எடுக்கக் கொடுக்கும் அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கியிருந்தால் பதின்மூன்று ஆண்டாகியிருக்கும். பத்து ஆண்டு முடித்தவர் 50 வயதிலிருந்தே ஓய்வூதியம் பெறலாம். ஆனால் 58-க்குக் குறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும். 58-ஐக் கடந்தவருக்கு பி.எஃப். கட்ட முடியாது என்று சில ஒப்பந்தக்காரர்கள் சொல்வது பொய். ஓய்வூதியப் பங்கு மட்டுமே நிற்கும். முதலாளியின் பங்கு முழுவதும் வைப்பு நிதிக்குப் போகும். இ.எஸ்.ஐ.க்கும் மேல் வயது வரம்பு இல்லை.

அரசு வேலையில் நிலைமை பலர் நினைப்பதைவிட மேல். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் பல தேர்வுகளில் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் ‘உச்ச வயது வரம்பு இல்லை’ என்றே அறிவிப்பு வரும்; 60 வயது நிறையாமல் இருந்தால் போதும் என்பது அதன் பொருள். பதவிக்குப் பதவி இது மாறும் என்பதால் அறிவிப்பின் வயதுப் பட்டியலையும், வயதைக் கணக்கிடும் ஜூலை 1 என்ற தேதியையும் பார்க்காமல் ஒதுங்கிவிடக் கூடாது. கடலூர் மாவட்டத்து மக்களில் பெரும்பாலோர் மேற்சொன்ன பிரிவுகளில் வருபவர்கள். ஆசிரியர் நியமனத்துக்கான வரம்பு 2023-இல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என உயர்ந்தது. வேலையில்லாதோர் உதவித்தொகையில் மட்டும் கதவு சீக்கிரம் மூடிவிடும்: 40 வயது வரை, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45 வரை.

வாட்ச்மேன் வேலைதான் வயதானவர்களுக்குச் சுலபமாகக் கிடைப்பது. தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், 2005, 65 வயது ஆகாதவரைக் காவலராக வைக்க அனுமதிக்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு எட்டு மணி நேரக் கூலி கொடுப்பதுதான் இங்கே நடக்கும் ஏமாற்று. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். சொந்தத் தொழில் என்றால், மத்திய அரசின் பிரதமர் வேலை உருவாக்கும் திட்டக் கடனுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. கைவினைஞர்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்குவதே 35 வயதுக்கு மேல்; 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு மானியம், உச்சம் 50,000. இரண்டுக்கும் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வரம்பு இல்லை. அறுபது கடந்தவர்களுக்கென மத்திய சமூக நீதி அமைச்சகம் 2021-இல் ‘சேக்ரட்’ என்ற வேலை இணையதளத்தைத் தொடங்கியது. முதியோர் உதவி எண் 14567.

வயது ஏற ஏற அவசரமும் ஏறும். தரகர்களுக்கு அது தெரியும். நெய்வேலியில், பல்கலைக்கழகத்தில், அரசு அலுவலகத்தில் வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் பணம் கறப்பது இங்கே பழைய தொழில். எந்த அரசு வேலைக்கும் தேர்வுக் கட்டணம் தவிர வேறு பணம் கிடையாது. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில் பக்கமிருந்து வளைகுடா போகிறவர்கள், முகவர் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஆதாரில் பிறந்த தேதியைக் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் சிக்கினால் இன்னும் மோசம். பி.எஃப். பதிவும் ஆதாரும் முரண்பட்டு, சேர்த்த பணமே முடங்கும்; மோசடி வழக்கும் வரலாம். இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

வேலை நீக்கத்தை எதிர்ப்பவர் முதலில் கடலூரிலுள்ள தொழிலாளர் துறைச் சமரச அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். 45 நாளில் தீரவில்லையென்றால் தொழிற்சங்கம் இல்லாமலேயே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு நீக்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பில் அது இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. நியமன ஆணை, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, வருகைப் பதிவின் படம் என்று கையில் இருப்பதையெல்லாம் வெளியேறுமுன்பே சேர்த்துவிட வேண்டும். பிறகு கேட்டால் தரமாட்டார்கள். அசல் சான்றிதழ்களை நிறுவனத்தில் விட்டுவைக்கவும் கூடாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதால் பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழுவும் சிதம்பரத்தில் வட்டக் குழுவும் இதற்கான மனுக்களை வாங்குகின்றன. தொலைபேசி எண் 15100.