வழிபாட்டில் மாவுருவங்கள்: தமிழ் மரபும் சிசிலி மரபும்

முன்னுரை

வழிபாட்டில் படைக்கப்படும் உணவு, சுவையால் மட்டுமன்றி வடிவத்தாலும் பொருள்பெறுகிறது. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள சலேமி நகரில், மார்ச்சு 19 அன்று கொண்டாடப்படும் புனித சூசையப்பர் திருநாளுக்கெனப் பலிபீடங்கள் கோதுமை ரொட்டிகளால் அணிசெய்யப்படுகின்றன. அவற்றுள் சூசையப்பரின் கோல், தாடி, தச்சுக் கருவிகள் ஆகியவற்றின் வடிவங்கள் காணப்படும். தமிழர் வழிபாட்டில் இவற்றுக்கு இணையாக அமைவன அரிசிமாவு உருவங்களாகும். இவ்விரு மரபுகளிலும் வடிவம் எதனைச் சுட்டுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உறுப்பும் உருவமும்

குமரி மாவட்டம் மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலில் தலைநோய் தீர வேண்டுவோர் மண்டையப்பம் படைக்கின்றனர். அரிசிமாவும் வெல்லமும் சேர்ந்த இப்பண்டம் தலையின் வடிவில் பிடிக்கப்படுகிறது. இங்கு நோயுற்ற உறுப்பே உணவின் உருவாகிறது.

மாரியம்மன் கோயில்களில் ஏற்றப்படும் மாவிளக்கு வேறு நெறியில் இயங்குகிறது. ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவே குழியிட்டு, நெய்யூற்றித் திரி ஏற்றுவர். இவ்விளக்கு உறுப்பின் வடிவில் அமைவதில்லை. ஆயினும் நோயாளியைப் படுக்கவைத்து, நோயுற்ற இடத்திற்கேற்ப வயிற்றின்மீதோ நெற்றியின்மீதோ இலையிட்டு அதனை வைக்கும் வழக்கம் உண்டு. மண்டையப்பத்தில் வடிவம் உணர்த்துவதை மாவிளக்கில் வைக்கும் இடம் உணர்த்துகிறது.

வேண்டலும் வாழ்த்தும்

ஈழத்தமிழரிடையே குழந்தைக்குப் பல் முளைக்கும்போது பல்லுக்கொழுக்கட்டை அவிக்கப்படுகிறது. பிறைவடிவக் கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசைபோலப் பதித்துக் குழந்தையின் தலையில் சொரிவர். இது நோய்நீக்க வேண்டலன்று. வரவிருக்கும் பல்வரிசையை முன்காட்டும் வாழ்த்து. நாஞ்சில் நாட்டிலும் நெல்லைப் பகுதியிலும் நிகழும் ஔவை நோன்பிலோ, உப்பில்லாக் கொழுக்கட்டைகளைப் பெண்கள் பல வடிவங்களில் செய்கின்றனர். ஆண்கள் அவற்றைக் காணவும் உண்ணவும் கூடாது. ஆகவே, அவ்வடிவங்களின் பொருள் பெண்களுக்குள்ளேயே கைமாறி வந்துள்ளது.

ஒப்பீடு

சலேமி ரொட்டிகள் பெரும்பாலும் புனிதரின் அடையாளங்களைக் காட்டுகின்றன. மண்டையப்பமும் பல்லுக்கொழுக்கட்டையும் மனிதரின் உடலைக் காட்டுகின்றன. எனினும் இவ்வேறுபாடு முழுமையானதன்று. பார்வைக்குக் காவலாகப் போற்றப்படும் புனித லூசியாவின் கண்கள் எனப் பெயர்பெற்ற ரொட்டி வடிவமும் சிசிலியில் உண்டு. பகிர்ந்துண்ணல் இரு மரபுக்கும் பொது. சூசையப்பர் விருந்தில் திருக்குடும்பமாக அமர்த்தப்படும் எளியோர் முதலில் உண்பர். மாவிளக்கும் வழிபாட்டின்பின் பலருக்கும் பகிரப்படுகிறது.

முடிவுரை

நேர்த்திக்கடனாகச் செலுத்தப்படும் வெள்ளிக் கண்மலரும் மண்ணுருவாரமும் எஞ்சி நிற்கின்றன. மாவுருவமோ உண்ணப்படுவதாலேயே நிறைவுறுகிறது. சான்றாக எஞ்சுவது செய்முறையறிந்த கைகளே. அவற்றைச் சமையற்குறிப்பாக மட்டும் பதிவுசெய்தால் வடிவம், வைக்கும் இடம், உண்ணும் உரிமை ஆகிய மூன்றும் விடுபடும். இம்மூன்றையும் செய்வோரிடமே கேட்டுப் பதிவுசெய்வது நாட்டார் வழக்காற்றியலின் உடனடிக் கடமையாகும். ஔவை நோன்பைப் பொறுத்தவரை அக்கடமை பெண் ஆய்வாளர்க்கே உரியது. மறைவாகக் காக்கப்படுவனவற்றுள் எதனை வெளியிடலாம் என்பதை நோன்பு நோற்போரே முடிவுசெய்தல் வேண்டும்.