வாடாத பூவும் வாடிப்போன செடியும்



தையல் கடையில் குண்டூசி குத்தி வைக்கும் சின்ன மெத்தையைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி இருக்கும் ஸ்கேபியோசா என்ற பூ குளிர்ந்த ஊர்களில் வளரும். நம்ம கீழ்பென்னாத்தூர் வெயிலுக்கு அது சரிப்படாது. ஆனால் உருண்டையான வாடாமல்லி இருக்கிறதே, அது வெயில் அடிக்க அடிக்கப் பூக்கும்!

பேரில் மல்லி இருந்தாலும் இது மல்லிகை இனம் இல்லை, வாசனையும் கிடையாது. தண்டுக்கீரையின் சொந்தக்காரச் செடி. இந்தக் குடும்பத்தின் பெயர் அமராந்தேசி. 'அமராந்த்' என்பது 'வாடாதது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. இதன் தாயகம் மத்திய அமெரிக்கா.

ஏன் வாடுவதில்லை?

நாம் இதழ் என்று நினைப்பது இதழே இல்லை. அவை பூவடிச் செதில்கள். பறிக்கும்போதே காகிதம் மாதிரி உலர்ந்துதான் இருக்கும். உண்மையான பூக்கள் செதில்களின் நடுவே பொட்டுப் பொட்டாக எட்டிப் பார்க்கும்.

வளர்க்கும் முறை

1. ஆனி, ஆடியில் விதைக்கலாம். காய்ந்த பூவை உள்ளங்கையில் கசக்கினால் பஞ்சு போர்த்திய விதை வரும். ஒரு ராத்திரி ஊறவைத்து மெல்லிசாக மண் தூவி விதைக்கவும்.
2. சுமார் 10 முதல் 15 நாளில் முளைக்கும். 4, 6 இலை வந்ததும் 1 அடி இடைவெளியில் நடவும்.
3. அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடவும். பக்கக் கிளை விட்டு நிறையப் பூக்கும்.
4. நல்ல வெயில், கொஞ்சம் தொழுஉரம், தண்ணீர் தேங்காத மேட்டுப் பாத்தி போதும்.

நாங்கள் செய்த தப்பு

போன வருஷம் எங்கள் வகுப்புப் பாத்தியில் 20 நாற்று நட்டோம். காலையில் ஒரு குழு தண்ணி ஊத்தும். மத்தியானம் தட்டு கழுவின தண்ணியும் அங்கேதான். சாயங்காலம் இன்னொரு குழு. இலை தொங்கிப் போச்சு. "ஐயோ, தண்ணி பத்தலை!" என்று இன்னும் ஊத்தினோம். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகி இருந்தது!

வேருக்கும் காற்று வேண்டும். மண் முழுக்கத் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகின வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் தண்ணீர் அதிகமானாலும் செடி வாடும், குறைந்தாலும் வாடும். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாத்தி ஓரம் வாய்க்கால் வெட்டுவது ரொம்ப அவசியம்.

அன்று பிழைத்தது 6 செடி. அதற்குப் பிறகு விரல் வைத்துப் பார்த்துத்தான் ஊத்தினோம். ஆயுத பூஜைக்கு வகுப்புப் படத்துக்கு மாலை கட்டினோம். மிச்சப் பூவைக் காம்போடு கட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டோம். இன்னும் கலர் போகவில்லை!

அந்த 6 செடியின் விதை எங்களிடம் இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வாருங்கள். வரும்போது விரலால் ஈரம் பார்ப்போம் என்று வாக்குக் கொடுங்கள்!

அன்பு அதிகமானால் தப்பில்லை, தண்ணி அதிகமானால் தப்பு!