ஊர்தியின் உள்விளக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு நாள்தோறும் சுற்றுலா ஊர்திகள் பல வருகின்றன. அவற்றுள் சில, படுக்கையும் அடுப்பும் உள்ளே அமைந்தவை. அவற்றை நடமாடும் இல்லங்கள் என்றே கூறலாம். பகலெல்லாம் ஊரைச் சுற்றிப் பார்த்த குடும்பத்தினர் இரவில் ஊர்திக்குத் திரும்புகின்றனர், சுவிட்சை அழுத்துகின்றனர். விளக்கு எரியவில்லை. "பல்பு கெட்டுவிட்டது" என்று கூறிப் புதியதொன்றை வாங்கி மாட்டுகின்றனர். அதுவும் எரியவில்லை. காரணம் யாது?

உள்விளக்குகளுக்கு மின்சாரம் தருவது சேமக்கலம். பாட்டரி என்று நாம் வழங்குவது இதுவே. ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட இக்கலத்தை 1859-ஆம் ஆண்டில் ஆக்கியவர் காஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர். அந்நாளில் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. சேமக்கலத்திலிருந்து புறப்படும் மின்சாரம், ப்யூஸ் எனப்படும் மின்னுருகி, சுவிட்சு, பல்பு ஆகியவற்றைக் கடந்து, பெரும்பாலும் ஊர்தியின் இரும்புச் சட்டத்தின் வழியாகவே மீண்டும் சேமக்கலத்தை அடைகிறது. இவ்வட்டப் பாதையில் எங்கு முறிவு நேரினும் விளக்கு எரியாது. பாகூர் ஏரியின் நீர் வயலுக்கு வரவில்லையெனில் உழவர் வயலைக் குறை கூறுவரோ? மதகு முதல் வாய்க்கால் நெடுகப் பார்த்து வருவர் அன்றோ? விளக்கின் பழுதையும் அவ்வாறே தேட வேண்டும்.

முதலில் எத்தனை விளக்குகள் எரியவில்லை என்று காண்க. எல்லாம் அணைந்திருந்தால் குறை சேமக்கலத்திலோ மின்னுருகியிலோ இருக்கலாம். எல்லாம் மங்கி எரிந்தால் சேமக்கலம் ஆற்றல் குன்றியிருக்கலாம். முழு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட்டுக் கலம், அளவியில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். ஒரு விளக்கு மட்டும் எரியாவிடில், நன்றாக எரியும் பல்பு ஒன்றை அணைத்து, சூடு ஆறியபின் கழற்றி, எரியாத இடத்தில் மாட்டிப் பார்க்க. எரிந்தால் பழைய பல்பே கெட்டது. எரியாவிடில் பாதையிலேயே பழுது.

கடற்கரை ஊர்களில் இப்பழுதிற்கு உப்புக்காற்றும் ஒரு காரணமாகும். பல்பு பொருந்தும் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு படிகிறது. கம்பி இரும்புச் சட்டத்தோடு இணையுமிடத்தில் துரு ஏறுகிறது. இவை மின்சாரத்தைச் செவ்வனே செல்லவிடா. மின்னிணைப்பைத் துண்டித்து, அவ்விடங்களை உப்புத்தாளால் தேய்த்துத் திருகாணியை இறுக்கினால், காசு செலவின்றியே விளக்கு ஒளிரும்.

புதிய பல்பே வேண்டுமாயின், 10 வாட்டு இழைப்பல்பிற்கு ஈடாக ஏறத்தாழ 2 வாட்டு எல்.இ.டி. விளக்கே போதும், சேமக்கலமும் நெடுநேரம் தாங்கும். நீல ஒளி தரும் எல்.இ.டி.யை ஆக்கிய அறிஞர் மூவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். வெள்ளொளி விளக்கிற்கு வழி வகுத்தது அந்நீல ஒளியே. எல்.இ.டி.க்கு நேர்முனை, எதிர்முனை என்னும் வேறுபாடு உண்டு. மாட்டியும் எரியாவிடில், திருப்பி மாட்டிப் பார்க்க வேண்டும்.

இனி மின்னுருகியைப் பற்றி அறிவோம். அதனுள் இருப்பது மெல்லிய உலோக இழை. மின்சாரம் அளவு மீறிப் பாயும்போது அவ்விழை உருகிப் பாதையைத் துண்டிக்கிறது. தன்னை அழித்துக்கொண்டு ஊர்தியைக் காக்கும் காவலன் அது! சிலர் 5 ஆம்பியர் மின்னுருகி போன இடத்தில் 20 ஆம்பியர் உள்ளதை வைப்பர். இன்னும் சிலர் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவர். விளக்கு எரியும், அவர்களும் மகிழ்வர். ஆயினும், உள்ளே மறைந்துள்ள பழுது கம்பியைச் சூடேற்றும், மேலுறை உருகும், உள்ளே உறங்குவோர் அறியுமுன்னே தீப் பற்றும். ஆகவே, எந்த அளவுடைய மின்னுருகி இருந்ததோ அதே அளவுடையதையே வைத்தல் வேண்டும். அதுவும் மீண்டும் உருகினால், தேர்ந்த மின்பணியாளரை அழைப்பதே அறிவுடைமை.

பழுதை நீக்குதல் வேறு, மறைத்தல் வேறு. நீக்கியவன் அச்சமின்றி உறங்குவான். மறைத்தவன் விளக்கைப் பெறுவான். அதனுடன் ஆபத்தையும் பெறுவான்.