கொடுக்கும் கையைக் கண்காணிப்பது யார்?

வெள்ளமோ போரோ ஓர் ஊரைப் பெயர்த்துப் போட்ட பிறகு அங்கே அதிகாரம் மிக்கவர் யார் என்று கேட்டால், ஆட்சியரையும் அமைச்சரையும்தான் நாம் நினைப்போம். முகாமில் தங்கியிருப்பவருக்கு அப்படியல்ல. பயனாளிகள் பட்டியலில் பெயர் எழுதுகிறவர், டோக்கன் வழங்குகிறவர், கிடங்கின் சாவியை வைத்திருக்கிறவர் ஆகியோரே அவரைப் பொருத்தவரை அரசாங்கம். ஒரு பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் முடிகிற அந்த மனிதர், அதற்கு ஈடாக ஒரு பெண்ணின் உடலைக் கேட்டால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

இது கற்பனைக் கேள்வி அன்று. 2002-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உயர் ஆணையர் அலுவலகமும் 'சேவ் த சில்ரன்' அமைப்பின் பிரிட்டன் பிரிவும் இணைந்து வெளியிட்ட அறிக்கை உலகை அதிரவைத்தது. கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் அகதி முகாம்களில், சமையல் எண்ணெய்க்கும் தார்ப்பாய்க்கும் மருந்துக்கும் ஈடாகச் சிறுமியர் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதாக அது கூறியது. குற்றம்சாட்டப்பட்டோரில் நிவாரணப் பணியாளர்களும் இருந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் உள்ளூரில் பணியமர்த்தப்பட்ட ஆண்கள். பின்னர் ஐ.நா. நடத்திய விசாரணையில் தனிப்பட்ட குற்றச்சாட்டுகள் பலவற்றை மெய்ப்பிக்க இயலவில்லை. ஆனால், சிக்கல் உண்மையானது என்பதை அந்த விசாரணையும் ஏற்றுக்கொண்டது.

2003 அக்டோபரில் ஐ.நா. பொதுச்செயலர் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன் சாரம் எளிமையானது. 18 வயதுக்கு உள்பட்டோருடன் பாலுறவு கூடாது. அந்நாட்டுச் சட்டம் எந்த வயதை அனுமதித்தாலும், 'வயது தெரியவில்லை' என்று சொன்னாலும் அது குற்றமே. பணம், வேலை, பொருள், உதவி எதையும் பாலுறவுக்கு ஈடாகக் கொடுக்கக் கூடாது. சக பணியாளர் தவறு செய்வதாக ஐயம் எழுந்தால் தெரிவிப்பது கடமை. அந்த ஆணை 'பாலியல் சுரண்டல்' என்பதை வரையறுத்த விதம் கவனத்துக்குரியது: ஒருவரின் நிர்க்கதியான நிலையையோ, அதிகார ஏற்றத்தாழ்வையோ, அவர் வைத்த நம்பிக்கையையோ பாலியல் நோக்கத்துக்குப் பயன்படுத்துவதே சுரண்டல்.

'இருவருக்கும் சம்மதம் என்றால்?'

தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்கு இப்பொருள் குறித்துப் பயிற்சி அளிக்கும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது கிடைக்கிறது. பெரும்பாலான வகுப்புகளில் யாரேனும் ஒருவர் எழுந்து கேட்கும் கேள்வி இது: 'இருவரும் வயது வந்தவர்கள், இருவருக்கும் சம்மதம் என்றால் அதில் நிறுவனம் தலையிடுவது ஏன்?'

கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை, நியாயமான கேள்விதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: 'அந்தப் பெண் மறுத்திருந்தால் அடுத்த வாரம் அவள் வீட்டுக்கு அரிசி வந்திருக்குமா, அதை அவள் உறுதியாக நம்பியிருக்க முடியுமா?' மறுப்பதால் எதுவும் இழக்கமாட்டேன் என்ற உறுதி இருக்கும் இடத்தில்தான் சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. உலை வைக்க வழியில்லாதவள் 'சரி' என்று சொல்வதைச் சம்மதக் கணக்கில் எழுத முடியாது. 2003-ஆம் ஆண்டு ஆணை இத்தகைய உறவுகளை 'தவிர்க்க வேண்டியவை' என்று மட்டுமே கூறியது. உலகளாவிய நிவாரண அமைப்புகளின் கூட்டுக் குழு 2019-இல் தன் அடிப்படை நெறிகளைத் திருத்தியபோது, உதவி வழங்குவோருக்கும் பெறுவோருக்கும் இடையே பதவியைத் தவறாகப் பயன்படுத்தி உருவாகும் பாலியல் உறவைத் தடையாகவே மாற்றியது.

பணம் ஒருவருடையது, களம் இன்னொருவருடையது

விதி வந்த பிறகும் ஓர் ஓட்டை இருந்தது. இன்றைய நிவாரணப் பணியில் பணம் தருபவர் ஒருவர். களத்தில் பணி செய்பவர் வேறொருவர். பன்னாட்டு அமைப்பிடமிருந்து தேசிய அளவிலான நிறுவனத்துக்கும், அதனிடமிருந்து மாவட்டத்தில் இயங்கும் சிறு தொண்டு நிறுவனத்துக்கும் பணம் இறங்கி வருகிறது. இப்படிப் பணியை ஏற்று நடத்தும் நிறுவனங்களைக் 'கூட்டாளி அமைப்புகள்' என்கிறோம். மக்களை நேரில் சந்திப்பவர்கள் இவர்களே.

பணம் இறங்கி வரும்போது அதற்கான கணக்கும் கூடவே வருகிறது. பற்றுச்சீட்டு ஒன்று காணாமல் போனாலும் தணிக்கையாளர் விடுவதில்லை. ஆனால், அந்தப் பணத்தைக் கொண்டு சென்றவர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு நெடுங்காலம் கூட்டாளி அமைப்பின் எழுத்துவழி உறுதிமொழி ஒன்றே போதுமானதாக இருந்தது.

இந்நிலை மாறியது அண்மையில்தான். ஹைட்டியில் 2010 நிலநடுக்கத்துக்குப் பிந்தைய பணியில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பினர் சிலரின் பாலியல் முறைகேடுகள் 2018 பிப்ரவரியில் அம்பலமாயின. முறைகேடு நடந்ததைவிட அதன் பின் நடந்ததே மக்களை அதிகம் கொதிக்கவைத்தது. அங்கு தலைமை வகித்தவர் 2011-இல் பதவி விலக அனுமதிக்கப்பட்டார். பிறகு வேறொரு தொண்டு நிறுவனத்தின் வங்கதேசப் பணிக்குத் தலைமையேற்றார். முந்தைய நிறுவனம் சொல்லவில்லை. பிந்தைய நிறுவனத்துக்குத் தெரியவில்லை. இந்த ஓட்டையை அடைக்கவே, வேலைக்கு வருபவரின் கடந்த ஐந்தாண்டுப் பணியிடங்களில் பாலியல் முறைகேடு ஏதும் உறுதிசெய்யப்பட்டதா என்று நிறுவனங்கள் ஒன்றையொன்று கேட்டறியும் ஏற்பாடு 2019-இல் தொடங்கப்பட்டது.

2018 மார்ச்சில் ஐ.நா. தன் கூட்டாளி அமைப்புகளுக்கென்றே நெறிமுறை ஒன்றை வகுத்தது. 2020-இல் பொதுவான மதிப்பீட்டு முறையும் வந்தது. அது எட்டுக் கேள்விகளைக் கேட்கிறது எனலாம். நிறுவனத்துக்கு எழுத்தில் கொள்கை இருக்கிறதா? தான் பணியை ஒப்படைக்கும் துணை நிறுவனங்களையும் அது கட்டுப்படுத்துகிறதா? பணியில் சேர்ப்பதற்கு முன் பின்னணி விசாரிக்கப்படுகிறதா? அனைவருக்கும் கட்டாயப் பயிற்சி உண்டா? புகார் சொல்லப் பாதுகாப்பான வழி உண்டா? பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவ, சட்ட, மனநல உதவி கிடைக்குமா? முறையான விசாரணைக்கு ஏற்பாடு உண்டா? குற்றச்சாட்டு வந்தபோது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டதா?

விடைகளைக் கொண்டு அமைப்பின் திறன் முழுமை, நடுத்தரம், குறைவு என வகைப்படுத்தப்படுகிறது. குறைவு என்று வந்தால் உடனே உறவை முறித்துக்கொள்வது இதன் நோக்கமன்று. குறைகளைச் சரிசெய்யத் திட்டம் வகுத்து, உதவி செய்து, மீண்டும் மதிப்பிட வேண்டும்.

தாளில் உள்ளதும் தரையில் உள்ளதும்

நல்ல ஏற்பாடுதான். ஆயினும், எட்டுக் கேள்விகளுக்கும் தாளிலேயே விடை எழுதிவிட முடியும் என்பதே என் கவலை. கொள்கை ஆவணத்தை இணையத்திலிருந்து எடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். பயிற்சி நடந்ததற்கு வருகைப் பதிவேட்டையும் புகைப்படத்தையும் காட்டலாம். சுவரில் புகார்ப் பெட்டி தொங்கலாம். அதன் சாவி யாரைப் பற்றிப் புகார் வருமோ அவரிடமே இருக்கலாம்.

கொள்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்குக் காங்கோ ஜனநாயகக் குடியரசு சான்று. அங்கு 2018 முதல் 2020 வரை நடந்த எபோலா ஒழிப்புப் பணியில், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெண்கள் சுரண்டப்பட்டனர். 2021 செப்டம்பரில் வெளியான சுதந்திர விசாரணைக் குழுவின் அறிக்கை, குற்றம்சாட்டப்பட்டோராக 83 பேரை அடையாளம் கண்டது. அவர்களில் 21 பேர் உலக சுகாதார நிறுவனத்தால் பணியமர்த்தப்பட்டவர்கள். ஒரு பெண்ணின் வழக்கில், அவர் நிவாரண உதவி எதுவும் பெறாததால் 'பயனாளி' அல்லர், எனவே விதிமீறல் இல்லை என்று நிறுவனத்துக்குள் முடிவு கட்டியிருந்ததையும் அந்த அறிக்கை வெளிக்கொணர்ந்தது. பாதுகாக்க எழுதப்பட்ட ஒரு சொல்லே தட்டிக்கழிக்கும் கருவியாயிற்று.

நம் நாட்டு எடுத்துக்காட்டு இன்னும் கொடியது. பிகார் மாநிலம் முசாஃபர்பூரில் அரசு நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சிறுமியர் இல்லத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமியர் பாலியல் கொடுமைக்கு உள்ளாகியிருந்தனர். பணம் அரசினுடையது; பணி தொண்டு நிறுவனத்தினுடையது. அதாவது, நாம் பேசிவரும் அதே கூட்டாளி ஏற்பாடு. அந்த இல்லத்தைக் கண்காணிக்க வேண்டியவர்கள் இல்லாமல் இல்லை. 2020-இல் தில்லி நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்த 19 பேரில், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவைச் சேர்ந்தவர்களும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் அடங்குவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காவல் காக்க வந்தவர்களே குற்றத்தில் பங்கு கொண்டிருந்தனர்.

உண்மையை வெளிக்கொணர்ந்தது வெளியிலிருந்து வந்த மதிப்பீடுதான். மாநில அரசு கேட்டுக்கொண்டதன்பேரில், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு ஒன்று பிகாரில் 110 காப்பகங்களில் சமூகத் தணிக்கை நடத்தி 2018-இல் அறிக்கை அளித்தது. பதிவேடுகளோடு நின்றுவிடாமல், தங்கியிருந்தோரிடம் பேசியது அக்குழு. முசாஃபர்பூர் உள்பட 17 இல்லங்களின் நிலை மிகவும் கவலைக்குரியது என்று அது எச்சரித்தது. நிறுவனத்தை மதிப்பிட வேண்டுமானால், உதவி பெறுவோரிடம், நிறுவனத்தார் அருகில் இல்லாதபோது பேச வேண்டும். மற்ற சான்றுகள் எல்லாம் அதற்குப் பின்னர்தான்.

பயிற்சி யாருக்கு?

பயிற்சி பெரும்பாலும் மேலாளர்களுக்கும் திட்ட அலுவலர்களுக்கும் நகர விடுதியின் கூட்ட அரங்கில் நடக்கிறது. மக்களிடம் நேரடி அதிகாரம் செலுத்தும் ஓட்டுநர், காவலாளி, கிடங்குப் பணியாளர், தினக்கூலிக்குச் சுமை இறக்குபவர், பேரிடரின்போது ஓடிவரும் தன்னார்வலர் ஆகியோர் அங்கே இருப்பதில்லை. அவர்களுடைய மொழியில், அவர்கள் அன்றாடம் சந்திக்கும் சூழலை முன்வைத்துப் பேசினால் ஒரு மணி நேரம்கூடப் போதும்.

அதைவிட முக்கியமான பயிற்சி உதவி பெறுவோருக்கானது. 'இந்த உதவி இலவசம். இதற்காக யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் இன்னாரிடம் சொல்லலாம்' என்ற மூன்று வாக்கியங்களை விநியோகம் நடக்கும் ஒவ்வொரு முறையும் அறிவிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதோருக்கு வாய்மொழியாகவும் படமாகவும் சொல்ல வேண்டும்.

2008-இல் 'சேவ் த சில்ரன்' அமைப்பு ஹைட்டி, தெற்கு சூடான், ஐவரி கோஸ்ட் ஆகிய இடங்களில் சிறாரிடம் பேசியபோது, கொடுமைகளில் மிகப் பெரும்பாலானவை வெளியே சொல்லப்படுவதே இல்லை என்று கண்டறிந்தது. உதவி நின்றுபோகும் என்ற அச்சம், ஊர்ப்பழி, பழிவாங்கல், எங்கே சொல்வதென்று அறியாமை, சொன்னால் என்ன நடந்துவிடும் என்ற சலிப்பு ஆகியவையே காரணங்கள். ஆகவே, 'எங்கள் நிறுவனத்தில் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை' என்று யாரேனும் பெருமையாகச் சொல்லும்போது நான் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. புகார் சொல்லும் வழி திறந்திருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

இங்கே நிதி வழங்குவோருக்கும் பொறுப்புண்டு. புகார் வந்ததைத் தெரிவித்த நிறுவனத்துக்கு நிதியை நிறுத்தினால், மற்ற நிறுவனங்கள் கற்றுக்கொள்ளும் பாடம் மறைப்பதுதான். தண்டனை, வந்த புகாரை மூடி மறைத்ததற்கு இருக்க வேண்டும்; வெளியே சொன்னதற்கு இருக்கக் கூடாது. ஐந்தாறு பணியாளர்களே உள்ள சிறு நிறுவனத்திடம் தனி விசாரணைப் பிரிவை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. மாவட்ட அளவில் பல நிறுவனங்கள் சேர்ந்து பயிற்சி பெற்ற விசாரணையாளர்களை வைத்துக்கொள்ளலாம். அச்செலவைத் திட்ட நிதியிலேயே சேர்க்கலாம். பொய்ப் புகார் வராதா என்ற அச்சத்துக்கும் முறையான, இரகசியம் காக்கும், இரு தரப்பையும் கேட்கும் விசாரணையே மருந்து.

நம் சட்டத்தில் உள்ளது

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பணியாளர்களுக்கு மட்டுமே உரியது என்று பல தொண்டு நிறுவனங்கள் எண்ணுகின்றன. சட்டமோ, பாதிக்கப்பட்ட பெண் 'பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்றே கூறுகிறது. அறக்கட்டளைகளும் சங்கங்களும் அதன்படி பணியிடங்களே. பணியின்பொருட்டுச் செல்லும் இடமும் பணியிடமே. அப்படியானால், நிவாரணம் வாங்க வரும் பெண்ணும் அதன் பாதுகாப்பைக் கோரலாம். பத்துப் பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் நிறுவனமாயின் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால், போக்சோ சட்டப்படி அறிந்தவர் எவரும் காவல் துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். நிறுவனத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள இடமில்லை.

இவை எத்தனை நிறுவனங்களின் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன? புயலும் வெள்ளமும் ஆண்டுதோறும் வந்து போகும் நம் கடலோர மாவட்டங்களில், அரசு ஒரு தொண்டு நிறுவனத்தை நிவாரணப் பணியில் சேர்த்துக்கொள்ளும் முன் அதன் வரவு–செலவுக் கணக்கைக் கேட்பதுபோல, இந்த எட்டுக் கேள்விகளையும் கேட்க வேண்டும். விடைகளை ஆண்டுக்கொரு முறை வெளியார் ஒருவர், உதவி பெறும் மக்களிடமே சென்று சரிபார்க்க வேண்டும்.

நன்கொடை கொடுக்கும் நாமும் கேட்கலாம். எத்தனை பேருக்கு அரிசி போய்ச் சேர்ந்தது என்று மட்டும் கேட்டு நின்றுவிடாமல், அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்றும் கேட்போம். நிர்க்கதியாய் நிற்பவர் எவரும், நம் பெயரால் நீட்டப்படும் கையைக் கண்டு அஞ்சும் நிலை வரக் கூடாது.